கட்டில் வைத்த வேன்

அன்றைக்கு அந்தத் தென்னந்தோப்பில் இருந்தது மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி, டிராக்டர் ஓட்டி வந்த அவளுடைய தம்பி, சின்னமனூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், வண்டியை விற்ற தோப்புக்காரம்மா. ஆறாவது ஆள் கிடையாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், இப்போது எங்கள் சொந்தத்தில் பத்துப் பேராவது அன்று பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே கதை சொல்கிறார்கள். அதில் ஒருவர், வண்டி ஆற்றுக்குள் விழுந்தது என்று வேறு சொல்கிறார். ஆற்றில் விழவில்லை. வாய்க்கால்தான். அதிலும் விழவில்லை, விழப் பார்த்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் மார்க்கையன்கோட்டை. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் முப்பது வருடமாகத் தார் எண்ணி ஏற்றி அனுப்புகிற வேலை. பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். பஸ்ஸில் ஏறினால், டிரைவர் கண் அசருகிறாரா என்று முன் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். அப்படிப்பட்ட நான் இன்ஜின் ஓடாத ஒரு வேனை எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன் என்றால், மண்டியில் இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை.

வாங்கியது என் மனைவிக்காக.

அவள் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாக மலைக்குப் போய், பழம் பறித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாள். வேனை வாங்குவதற்கு நாலு வருடம் முன்னால் ஒரு சாயங்காலம், ஜீப் ஒரு வளைவில் சாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இவளுக்கு முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குள் மெதுவாக நடக்கிற அளவுக்குத் தேறினாள். ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருக்கும் என்பாள். படுத்தால் ஒன்றும் இல்லை. படுத்தே இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டரே சொன்னார். படுத்துக்கொண்டு எங்கே போவது?

அடுத்த வருடம் எங்கள் ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் எங்கள் ஊரில்தான். மண்டபத்துப் பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுத்தபடி, கதவைத் திறந்து வைத்துத் தாலி கட்டுவதைப் பார்த்தாள். மறுவீட்டுக்கு அவளால் போக முடியவில்லை. பேத்தி பிறந்தது எங்கள் வீட்டில். ஐந்தாம் மாதம் பிள்ளையையும் தாயையும் கொண்டுபோய் விட நானும் சொந்தக்காரர்களும்தான் போனோம். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் தெரு முனை திரும்பும்வரை நின்றாளாம்.

நான் திரும்பி வந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "அவ அடுப்படி எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், வந்தேன். அடுப்படியை யார் பார்த்தது?

"அம்புட்டுத் தொலவு போனீகளே, என்னத்தப் பாத்துட்டு வந்தீக? சன்னல் இருக்கா? புகை போக வழி இருக்கா? அவ நின்னு சமைக்கிற எடத்துல வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகுது?"

மகள் போனில் வீடியோ காட்டத்தான் செய்தாள். இவளுக்குத் திருப்தியாகவில்லை. போனில் பார்ப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று மகள் சொல்லியிருந்தாள். என் மனைவி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அடுப்படியைத்தான் கேட்டாள். ஒரு தடவை அதில் நின்று மகளுக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு தடவை டாக்ஸி பிடித்துப் பார்த்தோம். பின் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிவிட்டோம். ஆம்புலன்ஸ் பேசலாம் என்று மகள் சொன்னாள். அதற்கு இவள், "ஆம்புலன்ஸ்ல போயி மக வீட்டு வாசல்ல எறங்குனா, தெருவே மாலையோட வந்து நிக்கும். வேணாந்தாயி" என்று சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் மண்டிக்கு வந்த ஒரு லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார், உத்தமபாளையம் பக்கம் ஒரு தோப்பில் உள்ளே கட்டில் போட்ட வேன் ஒன்று கிடக்கிறது, விலைக்கு வரும் போலிருக்கிறது என்று. எனக்கு அன்று தார் எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது.

தோப்புக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ராவுத்தர் குடும்பம், தேங்காய் வியாபாரம். கணவர் இல்லை. ஒரே மகன். அந்தப் பையன்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, அலமாரி, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, தேக்கடிக்கும் மேகமலைக்கும் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று தயார் செய்திருக்கிறான். வண்டி தயாரான நேரத்தில் கொரோனா வந்துவிட்டது. ஒரு டிரிப்கூடப் போகவில்லை. கடன் ஏறி, பையன் துபாய்க்குப் போய்விட்டான். வண்டி தோப்பிலேயே நின்றது. நின்று நின்று இன்ஜின் பிடித்துவிட்டது. அதாவது உள்ளே துரு ஏறி, பிஸ்டன் ஒட்டிக்கொண்டு, சுற்ற மாட்டேன் என்கிறது.

முதல் தடவை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். வெளியே டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. உள்ளே ஏறினால் அவ்வளவு சுத்தம். கட்டிலில் துவைத்த விரிப்பு. சன்னலுக்குப் பூப்போட்ட திரை. அந்தம்மா வாரா வாரம் வந்து கூட்டித் துடைத்து வைக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஆறடி இருந்தது. காலை நீட்ட முடிந்தது. பக்கத்திலேயே சன்னல். படுத்தபடியே ஊர் பார்க்கலாம். அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். எழுந்தபோது விலை பேசுகிற தைரியம் வந்திருந்தது.

மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் இன்ஜினில் ஸ்பேனரை வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, "ஊறப் போட்டு எடுத்தா ஓடும்ணே. பத்து நாளு பொறுமையா இருக்கணும். நீங்க இருப்பீகளா?" என்று சிரித்தார். என் சுபாவம் அவருக்குத் தெரியும்.

சீட்டு எடுத்த பணம் ஐம்பத்தைந்தாயிரம் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வது, மீதியை ஒரு மாதத்தில் கொடுப்பது என்று பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் வருவேன் என்றாள். குட்டியானை லோடு வண்டி ஒன்றில் மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோய், தோப்பு வாசலில் அவளை இறக்கிவிட்டு அதை அனுப்பினேன். திரும்ப வரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வேனைப் பார்த்ததும் என் தோளையும் தம்பி தோளையும் பிடித்து ஏறினாள். கட்டிலில் படுத்தாள். மேலே பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். அடுப்பை எட்டிப் பார்த்து, "ரெண்டு பர்னரு" என்றாள். தோப்புக்காரம்மா கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மெக்கானிக் இதற்குள் இன்ஜினுக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூடிவிட்டார்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க. உள்ள எண்ணெ நிக்குது. அது பாட்டுக்கு ஊறட்டும். இன்ஜின் ஒரு சுத்துக்கூடச் சுத்தக் கூடாது. வண்டி நியூட்ரல்லயே வரணும். என்ன ஆனாலும் கியரத் தொடாதீக. பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், இன்ஜின் ஓடாட்டி அப்படித்தான். ரெண்டு காலாலயும் ஏறி மிதிங்க, நிக்கும்."

டிராக்டரில் கட்டி இழுக்க வேண்டும். கயிறு வேண்டாம், இரும்புப் பைப் வைத்துப் போல்ட் போட்டு இழுத்தால் வண்டி முன்னே ஓடி இடிக்காது என்று மெக்கானிக் சொன்னார். தோப்புக்காரம்மா உடனே, மோட்டார் ரூமில் கனமான பைப் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இங்கேதான் நானும் மச்சினனும் தப்புச் செய்தோம். எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினால், விற்கிற வீட்டுக் கயிற்றோடு ஓட்டி வர மாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டு போக வேண்டும். பழைய கயிற்றோடு வந்தால் மாடு இந்த வீட்டில் தங்காது என்பார்கள். வேனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று மச்சினன், "விக்கிற வீட்டுச் சாமான்ல கட்டி இழுத்துட்டுப் போறதா? வேணாம் மாமா" என்றதும் எனக்கும் அது சரி என்று பட்டது. மண்டியிலிருந்து புதிதாக வாங்கி வந்திருந்த நைலான் கயிற்றை எடுத்தேன். லோடு மேல் கட்டுகிற கயிறு. அதற்கு மஞ்சள் வேறு தடவிக் கொண்டுவந்திருந்தேன்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "வண்டி பாலு கறக்குமாண்ணே?" என்றார். தோப்புக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும், "அவுக முறை, அப்படியே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் கட்டி முடிந்ததும் என் மனைவியை இறக்கப் போனேன். இறங்க மாட்டேன் என்றாள்.

"இதுலயே வர்றேன்."

"அடியே, இன்ஜின் ஓடாத வண்டிடி இது."

"டிராக்டரு ஓடுதுல்ல?"

நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ரோடு மோசம், பிரேக் பிடிக்காது, போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது, நடுவழியில் உனக்கு வலி வந்தால் என்ன செய்வது. அவள் திரையை ஒதுக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக எங்கள் வீட்டு உத்தரத்தையே பார்த்துக் கிடந்தவள். தோப்புக்காரம்மா ஒரு தலையணையை எடுத்து வந்து அவள் இடுப்புக்குப் பக்கத்தில் அணைவாக வைத்தார். ஸ்டியரிங்கை நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவளை வைத்துக்கொண்டு இன்னொருவர் கையில் விட எனக்குப் பயம். மெக்கானிக் பின்னால் பைக்கில் வந்தார்.

மெயின் ரோட்டில் லாரிகளுக்குப் பயந்து வாய்க்கால் கரை ரோட்டில் போனோம். நடக்கிற வேகம்தான். தோப்புகள் முடிந்து வயல் வந்தது. பின்னாலிருந்து அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரு வீட்டு மாடியில் வற்றல் காய்கிறது என்றாள். நடவு நடக்கிறது, பதினோரு பேர் நிற்கிறார்கள், ஒருத்தி இடுப்பில் கைவைத்து நம்மையே பார்க்கிறாள் என்றாள். மலை இவ்வளவு பக்கத்தில் இருப்பது மறந்தே போச்சு என்றாள். நான் "ம்" கொட்டினேன். என் கண் முழுவதும் முன்னால் இருந்த கயிற்றில் இருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் ஊரைப் பார்க்கிறாள். நான் கயிற்றைப் பார்க்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் அவள் முகத்தை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்ளும்.

ஓர் இடத்தில் ரோடு இறங்கி, வாய்க்கால் பாலத்தில் ஏறும். குட்டைச் சுவர் வைத்த பழைய பாலம். இறக்கத்தில் வேன் தானாக உருள ஆரம்பித்தது. கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. டிராக்டரின் பின்பக்கம் என்னை நோக்கி வருகிற மாதிரி தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். கல். இரண்டு காலாலும் ஏறி மிதிக்கச் சொல்லியிருந்தார் இல்லையா, அது சுத்தமாக மறந்துவிட்டது. "இடிக்கப் போறோம், அவ உள்ள இருக்கா" என்ற ஒன்று மட்டும்தான் மனதில். கை தானாகப் போய்க் கியரைத் தள்ளியது.

உள்ளே எதுவோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். பின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. வேன் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனது. அதே நேரம் டிராக்டர் பாலத்தில் ஏற, கயிறு விறைத்து அறுந்தது. வேனின் முன் சக்கரம் குட்டைச் சுவரின் ஓரத்தில் ஏறி, வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்து நின்றது. கீழே தண்ணீர் ஓடுகிறது.

திரும்பிப் பார்க்கவும் பயம். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவள் குரல் கேட்டது.

"என்ன, தூத்துக்குடி வந்திருச்சா?"

அலமாரிப் பக்கம் உருண்டு கிடந்தாள். அந்தத் தலையணை நடுவில் இருந்ததால் இடுப்பில் அடி படவில்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். நாற்பத்தொன்பது வயது ஆம்பளை அழுததை நடவு நட்ட பெண்கள் பதினோரு பேரும் வந்து பார்த்தார்கள்.

மெக்கானிக் ஓடி வந்தார். கதவைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. கியரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மச்சினன் டிராக்டரை விட்டு இறங்கி வருவதற்குள், பேசாமல் கையை நீட்டிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டார்.

அவளை இறக்கி, கட்டில் மெத்தையை ரோட்டோரம் போட்டுப் படுக்க வைத்தோம். நடவு நட்டவர்கள் வண்டியைத் தள்ளி நிமிர்த்திக் கொடுத்தார்கள். மெக்கானிக் போனில் சொல்ல, தோப்புக்காரம்மா ஓர் ஆட்டோவில் அந்த இரும்புப் பைப்பை ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். இந்தத் தடவை யாரும் முறை பேசவில்லை. பைப்பை மாட்டியதும் என் மனைவி, "தூக்குங்க, ஏறணும்" என்றாள்.

"அக்கா, போதும்க்கா" என்று அவள் தம்பி கெஞ்சினான்.

"ஏலே, பாதியில எறங்குறதுக்கா ஏறுனேன்? சின்னமனூரு வரைக்கும் பாக்க வேண்டியது நெறையக் கெடக்கு. உங்க மாமாவ மட்டும் பைக்ல வரச் சொல்லு."

மெக்கானிக் ஸ்டியரிங் பிடித்தார். நான் பைக்கில் பின்னால் போனேன். சன்னலில் அவள் கை தெரிந்தது, திரையைப் பிடித்தபடி.

பத்து நாள் கழித்து மெக்கானிக் இன்ஜினைக் கழற்றினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். எண்ணெய் நிரம்பி நின்ற நேரத்தில் கியர் விழுந்து இன்ஜினைச் சுற்ற வைத்ததில், உள்ளே இருக்கிற தண்டு வளைந்து, பக்கச் சுவர் விண்டுபோயிருந்தது. இனி இந்த இன்ஜின் ஆகாது. வேறு பழைய இன்ஜின் தேடி வைக்க வேண்டும்.

"கியர் போடாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஓடியிருக்கும்ணே" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் என் மச்சினனிடமும் மற்றவர்களிடமும், பழைய இன்ஜின், உள்ளே ஏற்கெனவே போயிருந்தது என்று அவராகவே சொல்லி வைத்திருந்தார்.

நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் மகளிடம் போனில், "பங்குனிக்குள்ள வந்துருவேன், அடுப்படியத் தொடச்சு வை" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவளுடைய நாலு வருட ஆசையை என் பயம் ஒரு நொடியில் வளைத்து உடைத்துவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் கியரைப் போட்டேன் என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் அது ஒட்டவில்லை.

மாதம் முடிந்தது. மீதிப் பணத்தைப் புரட்டி எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். அந்தம்மாவிடம் பணத்தை நீட்டியபோது, ஏனோ வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் மகன் ஆசைப்பட்டுச் செய்த வண்டி, நல்லபடியாகச் சரியாகியிருக்கும், நான்தான் கெடுத்துவிட்டேன் என்றேன்.

வேன் நின்ற இடத்தில் புல் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"மொதல்ல கெடுத்தது நான்தான் தம்பி. போகும்போது அவன் சொல்லிட்டுத்தான் போனான், வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் ஓடவிடும்மான்னு. சாவிய எப்படித் திருப்பணும்னு சொல்லிக் குடுத்தான். நாலஞ்சு மாசம் செஞ்சேன். அந்தச் சத்தம் கேட்டா அவன் வந்துட்ட மாதிரி இருக்கும். அமத்துனா அவன் போயிட்ட மாதிரி இருக்கும். வாராவாரம் அவன வழியனுப்ப என்னால ஆகல. விட்டுட்டேன். கூட்டித் தொடைக்க மட்டும் செஞ்சேன். சாவியத் தொடல."

மகனிடம் இதை அவர் இன்றுவரை சொல்லவில்லையாம். மழையில் நனைந்து கெட்டுப்போனது என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரே தப்பைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது.

பணத்தை வாங்க மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தினேன். கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது என்று காரணமும் சொன்னேன்.

"அத வச்சு இன்ஜின் தேடுங்க. வண்டி ஓடுற அன்னிக்கு வாங்கிக்கிறேன். மொத டிரிப்பு அம்மாவோடதான்னு அவன் சொல்லியிருந்தான். அவளுக்குத் தங்கச்சி மாதிரி நானும் வர்றேன்னு ஒங்க பொஞ்சாதிகிட்டச் சொல்லுங்க. ஒரு ஓரமா ஒக்காந்துக்குவேன். தூத்துக்குடிய நானும் பாத்ததில்ல."

"தங்கச்சியா? நீங்க அவளுக்கு மூத்தவுக, அக்கா" என்றேன்.

"ஓசிச் சவாரிக்கு வர்றவ தங்கச்சிதான்" என்றார்.

அந்தத் தைரியத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். கியரைப் போட்டது, தண்டு வளைந்தது, மெக்கானிக் மறைத்தது எல்லாம். அவள் உத்தரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"கியரு விழுந்த சத்தம் கேக்காதா? நாலு வருசமா படுத்துக் கெடக்கேன். காதுதான எனக்குக் கண்ணு. நீங்களாச் சொல்லுவீக, சொல்லுவீகன்னு பாத்தேன். ஒரு மாசம் எடுத்துக்கிட்டீக." பிறகு, "பயந்துதான போட்டீக. அன்னிக்கு எனக்குப் பயமே இல்ல. அத நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

அவள் அன்றைக்குச் சொன்னது சரி. நாலு வருடமாக அவளுக்காக நான் பயந்தேன். அவளுக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வேன் இப்போது எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் நிற்கிறது. சாயங்காலம் ஆனால் அவளைப் பிடித்து ஏற்றிவிடுவேன். ஒரு மணி நேரம் சன்னல் பக்கம் படுத்திருப்பாள். நானும் கீழே உட்கார்ந்து, இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இரண்டு முறை பழைய இன்ஜின் வந்தது. ஒன்று இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. இன்னொன்றுக்குக் கேட்ட விலை எங்களால் ஆகவில்லை. மூன்றாவதாக ஒன்று மதுரையில் இருப்பதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்து, படம் எடுத்து அனுப்பினார். பேத்திக்கு இப்போது மூன்றரை வயது. போனில், "ஆச்சி, வேன் வந்திருச்சா?" என்று கேட்கிறாள். பாதி வழி வந்துவிட்டது என்று இவள் சொல்கிறாள்.

தோப்புக்காரம்மாவும் அவ்வப்போது போன் செய்கிறார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. "ஓடுச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறார்.

யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தால்கூட உறக்கம் வராத எனக்கு, இந்த ஒரு கடனை நினைக்கும்போது மட்டும் பயம் வருவதில்லை. அதைக் கொடுக்கிற நாளில் என் மனைவி, தோப்புக்காரம்மா, துபாயில் இருக்கிற அவர் மகன் என்று மூன்று பேர் ஆசை ஒன்றாகக் கிளம்பும் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்றைய தேதிக்கு நான் அந்தம்மாவுக்குத் தர வேண்டியது பதினேழாயிரம் ரூபாய்.